பழைய வண்டிப் பித்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீட்டுப் பந்தி, டீக்கடை பெஞ்ச், ரயில் பெட்டி என்று எங்கே போனாலும், எனக்குப் பழைய வண்டிகள் மேல் பித்து என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் ஏதாவது கேட்டுவிடுவார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் சொன்னதையே சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் வளர்ந்தது மேட்டுப்பாளையம் பக்கம். அதனால் நீராவி எஞ்சினுக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மாட்டு வண்டிக்காரர்களும் குதிரை வண்டிக்காரர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீராவி எஞ்சின் இன்னும் ஓடுகிறதா? எங்கே பார்க்கலாம்?

ஓடுகிறது. இந்தியாவில் பெரிய லைனில், அதாவது அகலப் பாதையில், அன்றாட நீராவி ஓட்டம் 1995இல் முடிந்துவிட்டது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் மட்டுமே இடைவெளி உள்ள மீட்டர் கேஜில் இன்னும் சில வருடம் தாக்குப்பிடித்தது. இன்றைக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறி, நீராவி எஞ்சின் தள்ளிக்கொண்டு போகப் பயணம் செய்யலாம் என்றால், முதலில் நான் கைகாட்டுவது நீலகிரி மலை ரயிலைத்தான். டார்ஜிலிங்கிலும் சிறிய எஞ்சின்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. டெல்லிக்குப் பக்கத்தில் ரேவாரியில் எஞ்சின்களை நிறுத்திப் பராமரிக்கும் ஒரு பழைய லோகோ ஷெட்டையே அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

நிற்கிற எஞ்சின் போதும் என்றால் சென்னை பெரம்பூர் பக்கம் உள்ள ரயில் அருங்காட்சியகம், திருச்சி, மைசூர், டெல்லி எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒன்று சொல்கிறேன், நிற்கிற எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அது பாடம் செய்த புலியைப் பார்ப்பது மாதிரி.

ஊட்டி ரயிலில் எஞ்சின் ஏன் பின்னால் இருக்கிறது?

பாதுகாப்புக்காக. ஏறும்போது எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். முன்னால் இருந்து இழுத்தால், இணைப்புக் கொக்கி அறுந்தால் பெட்டிகள் தனியாகக் கீழே உருண்டுவிடும். பின்னால் இருந்து தள்ளினால் அந்தப் பயம் இல்லை. இதோடு ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். டிரைவர் விசிலில் சொல்வதைக் கேட்டு அவர் பிரேக்கைப் பிடிப்பார், விடுவார். ஏறும்போது டிரைவருக்கு முன்னால் தெரிவது பெட்டியின் முதுகு மட்டும்தான். முன்னால் நிற்பவரின் கண்ணை நம்பித்தான் வண்டி போகிறது. யானை வழியில் நின்றாலும் முதலில் பார்ப்பது அவர்தான்.

நடுவில் பல் பல்லாக ஒரு தண்டவாளம் போகிறதே, அது எதற்கு?

இரும்புமேல் இரும்பு வழுக்கும். சாதாரண ரயில் பாதையில் 100 அடிக்கு 1 அடி ஏறினாலே அது கடினமான ஏற்றம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டரில் சில இடங்களில் 12 அடிக்கு 1 அடி ஏறுகிறது. மழையும் இலையும் சேர்ந்தால் வெறும் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்து, எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரம் அதைப் பிடித்து ஏறும்படி செய்தார்கள். இது ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை. இரண்டு பட்டைகளின் பற்களும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு பட்டையின் பல்லை விடுவதற்குள் இன்னொன்றின் பல் பிடித்துவிடும். ஆகவே எந்த நொடியிலும் பிடிப்பு அறாது. தென்னை மரம் ஏறுகிறவர் ஒரு கையை எடுக்கும்போது காலும் மறு கையும் பிடித்திருப்பது போல.

எஞ்சின்களுக்கு எக்ஸ் வகை என்று பெயர். சுவிட்சர்லாந்தில் வின்டர்தூரில் செய்து வந்தவை. பக்கவாட்டில் நின்று பாருங்கள்: ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர் தெரியும். மறுபக்கமும் அப்படியே, ஆக நான்கு. பாய்லரிலிருந்து வரும் அழுத்தமான நீராவி முதலில் சாதாரண சக்கரத்தை ஓட்டும் சிலிண்டர்களுக்குப் போகும். பல்தண்டவாளப் பகுதியில், அங்கே வேலை முடித்து அழுத்தம் குறைந்த அதே நீராவியை வீணாக்காமல், பல்சக்கரத்தை ஓட்டும் மற்ற இரண்டு சிலிண்டர்களுக்கு அனுப்புவார்கள். வடித்த கஞ்சியையும் வீணாக்காத வீடு. குன்னூரைத் தாண்டினால் ஏற்றம் 25க்கு 1 ஆகக் குறைந்துவிடும், பல் தேவையில்லை.

அதனால்தான் குன்னூருக்கு மேல் டீசலா?

ஆமாம். குன்னூரில் வழக்கமாக எஞ்சின் மாறும். அங்கிருந்து ஊட்டி வரை டீசல்தான். முழுப் பயணமும் நீராவி என்று நினைத்து வந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீராவிதான் வேண்டும் என்றால் மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள். வெறும் ஊட்டி–குன்னூர் டிக்கெட் எடுத்துவிட்டு என்னிடம் குறைப்பட வேண்டாம்.

எவ்வளவு நேரம் ஆகும்? எந்தப் பெட்டி நல்லது?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஏறக்குறைய 5 மணி நேரம், இறங்க மூன்றரை மணிக்கு மேல். 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,200 மீட்டருக்குப் போய்ச் சேர்கிறீர்கள். 208 வளைவு, 16 குகை, 250 பாலம். அவசரக்காரர்களுக்குப் பஸ் இருக்கிறது.

பெட்டியைப் பொறுத்தவரை, காட்சி வேண்டும் என்றால் முன்பெட்டி. எனக்குக் கடைசிப் பெட்டிதான், எஞ்சினுக்குப் பக்கத்தில். மூச்சு வாங்குவது முழுசாகக் கேட்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம். ஹில்குரோவ் மாதிரி நிலையங்களில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது இறங்கி அருகில் போய்ப் பார்க்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது சாதாரணம். மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும்.

இது எவ்வளவு பழையது?

குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கியது. ஊட்டிக்கு 1908இல் போய்ச் சேர்ந்தது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. டார்ஜிலிங் அதற்கு முன்பே 1999இல் சேர்ந்துவிட்டது, கால்கா–சிம்லா 2008இல் வந்தது.

நிலக்கரியா, எண்ணெயா?

இந்தக் கேள்வியில் நண்பர்கள் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த காலம் உண்டு. ஆரம்பத்தில் எல்லாமே நிலக்கரி. கோடையில் தீப்பொறி பறந்து காட்டில் தீப்பிடிக்கும் பயம், நல்ல கரி கிடைக்காத தொல்லை என்று பல காரணங்களால் எண்ணெய்க்கு மாறினார்கள். 2010களில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் எண்ணெயில் ஓடும் புது எக்ஸ் எஞ்சின்களையே செய்தார்கள். பிறகு 2021இல் அதே பணிமனையிலிருந்து நிலக்கரியில் ஓடும் புது எஞ்சின் ஒன்றும் வெளியே வந்தது.

எனக்கு இதில் பெரிய விஷயம் எரிபொருள் இல்லை. நூறு வருடத்துக்கு முந்தைய வடிவமைப்பில் ஒரு நீராவி எஞ்சினை 21ஆம் நூற்றாண்டில் நம் ஊர்த் தொழிலாளர்கள் புதிதாகச் செய்தார்கள் என்பதுதான். இரும்பை வாங்கிவிடலாம், அந்தக் கைப்பழக்கத்தை எந்தக் கடையில் வாங்குவது?

"குபு குபு" என்று ஏன் சத்தம் வருகிறது?

குழந்தைகள் கேட்பது, பெரியவர்கள் கேட்க வெட்கப்படுவது. சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவியை அப்படியே வெளியே விடாமல் புகைபோக்கிக்கு அடியில் கொண்டுபோய் மேல்நோக்கிப் பீய்ச்சுவார்கள். அது மேலே பாயும்போது புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில் அடுப்புக்குள் புதுக்காற்று நுழைந்து தீ கொழுந்துவிடும். எஞ்சின் எவ்வளவு கஷ்டப்படுகிறதோ அவ்வளவு வேகமாக அடுப்புக்கு விசிறி விழும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. தன் மூச்சில் தானே அடுப்பு ஊதிக்கொள்கிறது. இரண்டு சிலிண்டர் உள்ள சாதாரண எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நான்கு முறை "குபு". எண்ணத் தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டே வேகத்தைச் சொல்லிவிடலாம்.

சாவி போட்டவுடன் கிளம்பிவிடுமா?

சாவியே கிடையாது. ஆறிப்போன எஞ்சினில் தீ மூட்டினால் ஓடும் அளவுக்கு நீராவி சேர மணிக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் பாய்லர் தகடு ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் மூட்டுகள் கசியும். ஆகவே காலையில் நீங்கள் பல் தேய்த்துவிட்டு வந்து பார்க்கும் எஞ்சினுக்காக யாரோ ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறார்கள்.

ஒய்பி, டபிள்யூஜி, 4-6-2 என்கிறார்களே?

எல்லாம் எஞ்சின் வகைகளைக் குறிக்கும் குறியீடுகள். முதல் எழுத்து பாதையின் அகலம். டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஒய் என்றால் மீட்டர் கேஜ், இசட் என்றால் குறுகிய பாதை. இரண்டாவது எழுத்து வேலை: பி பயணிகள், ஜி சரக்கு. எண்கள் சக்கரக் கணக்கு. முன்னால் தாங்கும் சக்கரம் 4, இழுக்கும் சக்கரம் 6, பின்னால் 2. ஒய்பி 4-6-2, ஒய்ஜி 2-8-2. தெற்கே மீட்டர் கேஜ் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒய்பி பழைய பள்ளித் தோழன் மாதிரி. டபிள்யூபி என்றால் மூக்கு உருண்டு, நெற்றியில் நட்சத்திரம் வைத்த அழகன்.

பார்க்கில் வைத்திருக்கும் எஞ்சினை மறுபடி ஓட்ட முடியாதா?

கோட்பாட்டளவில் எதையும் ஓட்டலாம். நடப்பில் பாய்லர்தான் தடை. வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பார்கள், உள்ளே தகடு அரித்துப் போயிருக்கும். ஒரு பூங்காவில் நிற்கும் எஞ்சினில் ஏறி டிரைவர் நிற்கும் தகட்டில் கால் வைத்தேன், செருப்போடு உள்ளே போய்விட்டது. இன்னொரு விஷயம், பழைய பாய்லர்களைச் சுற்றிச் சூடு போகாமலிருக்க ஆஸ்பெஸ்டாஸ் வைத்திருப்பார்கள். உடைந்த மேல்தகட்டுக்குள் கையை விட்டு நோண்டாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

ஆனாலும் நடந்திருக்கிறது. ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் இஐஆர் 21 என்ற எஞ்சின் 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது. நடுவில் ஒரே ஒரு ஜோடிப் பெரிய சக்கரம்தான் இழுக்கும். 1909இல் ஓய்வு கொடுத்து, ஜமால்பூரிலும் ஹௌராவிலும் காட்சிப் பொருளாக 101 வருடம் நின்றது. அதை 2010இல் சென்னை பெரம்பூர் பணிமனையில் ஓட வைத்தார்கள். காணாமல் போன பாகங்களைப் புதிதாகச் செய்து மாட்டினார்கள். அதன் உடன்பிறப்பு ஃபேரி குவீன். வழக்கமாக ஓடும் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று 1998இல் கின்னஸில் இடம்பிடித்தது.

பாகங்களை மாற்றிவிட்டால் அது பழைய எஞ்சினா?

பாட்டி வீட்டு அம்மிக்குக் குழவியை மாற்றினால் அது பாட்டி அம்மி இல்லையா? ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்த எஞ்சின்களுக்குப் பாய்லரும் சக்கரப் பட்டையும் மாறிக்கொண்டேதான் இருந்தன. பாகம் மாற்றாமல் வைத்த எஞ்சின் நிற்கிற எஞ்சின் மட்டும்தான்.

ஜட்கா, சாரட்டு, கோச்: என்ன வித்தியாசம்?

ஜட்கா இரண்டு சக்கரம், ஒற்றைக் குதிரை, வளைந்த கூரை. உள்ளே இருக்கை கிடையாது. புல்லைப் பரப்பி மேலே துணி விரித்திருப்பார்கள், காலை மடக்கி உட்கார வேண்டும். இரண்டே சக்கரம் என்பதால் பாரம்தான் பெரிய விஷயம். ஆள் பின்னால் சாய்ந்தால் வண்டி பின்பாரம் ஆகி ஏர்க்கால் தூக்கிக்கொள்ளும், முன்னால் குவிந்தால் குதிரையின் முதுகு அழுந்தும். "முன்னாடி வாங்க, இன்னும் கொஞ்சம் முன்னாடி" என்று வண்டிக்காரர் சொல்வது இதற்குத்தான். பழனி அடிவாரத்தில் பக்தர்களை ஏற்றிக்கொண்டு ஓடிய குதிரை வண்டிகளில் இந்தக் குரல் கேட்கும்.

கோச் நான்கு சக்கரம், அடைத்த பெட்டி, ஓட்டுபவர் கோச்சுவான். சாரட்டு திறந்தது, ஊர்வலத்துக்கு. இன்று கல்யாணங்களில் வாடகைக்கு வருபவை பெரும்பாலும் வெள்ளி பெயின்ட் அடித்த தகர வேலைப்பாடு. பார்க்க அழகுதான், பழையது என்று நினைத்துவிடாதீர்கள்.

குதிரைக்குக் கஷ்டம் இல்லையா?

இருக்கிறது. தார் ரோட்டில், வெயிலில், தேய்ந்த லாடத்தோடு நாள் முழுக்க ஓடுவது கொடுமை. மும்பையில் விக்டோரியா என்ற குதிரை வண்டிகளின் உல்லாசச் சவாரி சட்டவிரோதம் என்று 2015இல் உயர் நீதிமன்றம் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் பலர் வருத்தப்பட்டார்கள். நான் படவில்லை. வண்டியைக் காப்பாற்றலாம், அதற்காகக் குதிரையைச் சாகடிக்கக் கூடாது. குதிரைக்கு நிழலும் தண்ணீரும் நல்ல லாடமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள், இல்லையென்றால் நடந்து போங்கள்.

தாத்தாவின் வில்வண்டி கொட்டகையில் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில், நான் செய்ததைச் செய்யாதீர்கள். எங்கள் வீட்டு வில்வண்டியைத் துடைத்து, எனாமல் பெயின்ட் அடித்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று வாசலில் வெயிலில் நிறுத்தினேன். ஒரு கோடைதான். ஒரு நாள் மதியம் சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தால் சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்று தரையில் கிடக்கிறது.

காரணம் எளிது. நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றின் முனையில் வளைந்த மரத்துண்டுகளான வட்டைகள். வழக்கமாக 12 ஆரக்காலுக்கு 6 வட்டை. எதிலும் ஆணியோ பசையோ பெரிதாகக் கிடையாது. எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது வெளியே உள்ள இரும்புப் பட்டைதான். அதைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சிறியதாகச் செய்வார்கள். வறட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, பட்டையைப் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். இரண்டு மூன்று பேர் குறட்டால் தூக்கிச் சக்கரத்தில் மாட்டி, மரம் எரிய ஆரம்பிக்கும் முன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது மரமெல்லாம் கிறீச்சிட்டு ஒன்றோடொன்று இறுகும். அந்தச் சத்தத்தைக் கேட்டே சரியாக உட்கார்ந்ததா என்று சொல்லிவிடும் ஆசாரிகள் இருந்தார்கள். வெயிலில் மரம் காய்ந்து சுருங்கினால் இறுக்கம் போய்விடும். ஊரில் கோடையில் சக்கரத்தைக் கழற்றி வாய்க்காலில் ஊறப்போட்டது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆகவே: நிழலில் வையுங்கள். சக்கரம் மண்ணைத் தொடாமல் அச்சுக்கு அடியில் முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள், கரையான் சீக்கிரம் வராது. அச்சுக்கு மை போடுங்கள். விளக்கெண்ணெயில் வைக்கோல் சாம்பலைக் குழைத்த பழைய வண்டிமையே போதும். சக்கரம் கழலாமல் தடுக்கும் கடையாணியைத் தொலைத்துவிடாதீர்கள். பெயின்ட் கடைசி வேலை. எல்லாவற்றுக்கும் முன்னால், பக்கத்து ஊர்களில் சக்கரம் செய்யத் தெரிந்த ஆசாரி யாராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். என் சக்கரத்துக்கு ஆள் தேடி நான் மூன்று மாதம் அலைந்தேன்.

பழைய கார் வாங்கினால் ரோட்டில் ஓட்டலாமா?

முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000 என்று விதி. எண்ணில் விஏ என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது மாதிரி காரியங்களுக்கு ஓட்டலாம். தினசரி ஆபீசுக்கும் வாடகைக்கும் கூடாது. காரைக் கண்ணால் பார்த்தாலே போதும் என்றால் கோயம்புத்தூரில் ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு நாள் மதியம் போதாது.

சென்னையில் டிராம் ஓடியதா?

1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியது. இன்று தெருவில் சொல்லிக்கொள்ளும்படி மிச்சம் எதுவும் இல்லை. வருத்தமான கேள்வி, அடுத்ததற்குப் போவோம்.

தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கலாமா?

கூடாது. ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் அத்துமீறி நுழைவதற்குச் சிறையும் அபராதமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், மலைப்பாதை வளைவில் பின்னால் இருந்து தள்ளும் வண்டி சத்தமில்லாமல் முன்பெட்டியோடு வந்து நிற்கும். கேத்தி, லவ்டேல் நிலைய மேடைகளிலிருந்தே நல்ல படம் கிடைக்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

கேமராவில் இருந்து வேண்டாம். உங்கள் ஊரில் ரயில்வே காலனி இருந்தால் எஞ்சின் அடுப்புக்குக் கரி போட்டு ஓய்வுபெற்ற ஃபயர்மேன் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். நீராவிக் காலத்து ஆட்களுக்கு இப்போது வயதாகிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். போய் "எப்படி இருக்கீங்க ஐயா" என்று உட்கார்ந்து, கரி எப்படித் தள்ளுவீங்க, அடுப்பில் எந்த மூலையில் முதலில் போடுவீங்க என்று மட்டும் கேளுங்கள். நான் முதல்முறை கேட்டபோது அந்தப் பெரியவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து வந்து, அதையே சட்டுவமாக வைத்து, ஆடாத திண்ணையில் ஆடுகிற எஞ்சினில் நிற்பது போல் காலை அகட்டி நின்றார். தூக்குவாளிச் சோற்றை அடுப்புக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துச் சூடு பண்ணிய கதைக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. அன்றைக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் போங்கள்.